நுவரெலியாவில் "அறை வெப்பநிலை" எத்தனை பாகை? குருதி உறைதல் ஆய்வுக்கு வருகிறவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

கிட் பெட்டிக்குள் வரும் தாளில் "மாதிரியை அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்றிருக்கும். அதை எழுதியவர் மனதில் வைத்திருந்தது 20 முதல் 24 பாகை செல்சியஸ். கொழும்பில் ஏசி போட்டால் அது கிடைத்துவிடும், கண்டியில் சில வேளை ஏசி இல்லாமலும் கிடைக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாதக் காலையில் மேசைமேல் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள், 15ஐத் தொடாமல் நிற்கும். "அறையில்தான் வைத்தோம்" என்று நோட்டில் எழுதுவது பொய்யில்லை. ஆனால் அந்த மாதிரி குளிரில் கிடந்த மாதிரி.

குருதிச் சிறுதட்டுகளை, அதாவது நாம் எல்லோரும் சொல்கிற பிளேட்லெட்டுகளை, ஆராய நினைக்கும் மலையகப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய சங்கதி இதுதான். இந்தத் துறையில் முடிவுகள் கெட்டுப்போவது மெஷினுக்குள் அல்ல. கையில் ஊசி ஏறும் நேரத்துக்கும் டியூப் சென்ட்ரிபியூஜுக்குள் போகும் நேரத்துக்கும் இடையில்தான் கெடுகின்றன. மலைநாட்டில் அந்த இடைவெளியில் குளிர் இருக்கிறது, வளைவுப் பாதை இருக்கிறது, மழை இருக்கிறது, மின்வெட்டும் இருக்கிறது.

குளிர் என்ன செய்கிறது?

பிளேட்லெட் 2 முதல் 4 மைக்ரோமீற்றர் அளவுள்ள தட்டையான வில்லை. உடம்பில் 7 முதல் 10 நாள் வரை சுற்றும். குளிர் பட்டால் அந்த வில்லை உருண்டு, முள் முள்ளாக நீட்டிக்கொள்ளும். காயம் ஒன்றைக் கண்டதைப் போலவே நடந்துகொள்ளும். 4 பாகையில் வைத்த பிளேட்லெட்டுகளை உடம்பில் ஏற்றினால் அவை வேகமாகக் குருதியோட்டத்திலிருந்து அகற்றப்படுகின்றன என்று மர்பியும் கார்ட்னரும் 1969இல் காட்டினார்கள். இரத்த வங்கியில் செங்குருதிக் கலங்கள் குளிர்பெட்டிக்குள் இருக்க, பிளேட்லெட் பைகள் மட்டும் 20–24 பாகையில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டின்மேல் வைக்கப்படுவது அதனால்தான். ஆயுளும் வழக்கமாக 5 நாள்தான்.

பிளாஸ்மாவிலும் குளிரின் கைவரிசை உண்டு. சிட்ரேட் டியூபில் (குருதி உறையாமல் தடுக்கும் உப்புள்ள டியூபில்) எடுத்த முழுக் குருதியைப் பிரிக்காமல் ஐஸில் வைத்தால், பிளேட்லெட்டுகளைக் காயத்தில் ஒட்டவைக்கும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணியும், உறைதலுக்கு வேண்டிய எட்டாம் காரணியும் இறங்கிவிடும். ஏழாம் காரணி நேர்மாறாகக் குளிரில் தூண்டப்பட்டு, பிடி (PT) என்னும் உறைதல் சோதனையின் நேரத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். தோட்டத்திலிருந்து "பழுதாகாமல் இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடு ஐஸ் பெட்டியில் அனுப்பிய மாதிரி, நோயே இல்லாத பெண்ணுக்கு வான் வில்லிபிராண்ட் நோய் என்ற பெயரை வாங்கிக் கொடுத்துவிடும். ஒருமுறை கிளினிக் கொப்பியில் ஏறிய பெயர் லேசில் இறங்காது. ஆகவே இந்த முடிவு குறைவாக வந்தால், புதிதாக எடுத்து, ஐஸ் காட்டாமல், இன்னொரு நாளில் திருப்பிச் செய்யாமல் யாருக்கும் சொல்லாதீர்கள்.

மாதிரி கொண்டு போக ரெஜிஃபோம் பெட்டி போதும். ஐஸுக்குப் பதில் 24 பாகை அளவில் வெதுவெதுப்பாக்கிய தண்ணீர்ப் போத்தல் இரண்டை ஓரத்தில் வையுங்கள். டியூப்கள் போத்தலில் படாமல், நிமிர்ந்து நிற்க ஒரு ரேக். உள்ளே கூடிய, குறைந்த வெப்பநிலை இரண்டையும் பதியும் வெப்பமானி ஒன்று. பெட்டியைத் திறந்ததும் முதலில் அதை வாசித்து எழுதுங்கள், பிறகு டியூபைத் தொடுங்கள். 18க்குக் கீழே போயிருந்தால் பிளேட்லெட் தொழிற்பாட்டுக்கு அந்த மாதிரியை எடுக்காதீர்கள்.

குலுக்கல் வேறு கதை. பிளேட்லெட் ஒட்டும் திறனைப் பார்க்கும் அக்ரிகோமெட்ரி, குருதி எடுத்து 4 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வர நல்ல நாளில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். பனியும் மண்சரிவும் சேர்ந்தால் கணக்கே இல்லை. வந்த பிறகு டியூப் 15 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், பிறகு சென்ட்ரிபியூஜில் இரண்டு சுற்று, அதன்பின் பிளேட்லெட்டை ஒட்டத் தூண்டும் ஐந்தாறு பொருள்களுடன் (தூண்டிகளுடன்) சோதனை. நேரமும் போதாது, வளைவுகளில் ஆடிய பிளேட்லெட்டை நம்பவும் முடியாது. இந்தச் சோதனைக்கு மட்டும் மெஷின் இருக்கும் இடத்துக்கு ஆளைத்தான் கூட்டிப்போக வேண்டும். பயணச் செலவை ஆய்வுத் திட்டத்தின் பட்ஜெட்டில் முதலிலேயே போட்டுவிடுங்கள். பிடி, ஏபிடிடி (APTT, இன்னொரு உறைதல் நேரச் சோதனை), காரணி அளவு போன்றவற்றுக்கு அந்தப் பாடு வேண்டாம். எடுத்த இடத்திலேயே பிரித்து உறையவைத்துப் பிறகு அனுப்பலாம்.

குருதி எடுக்கும்போது

நீல மூடி டியூபில் 3.2 சதவீத சிட்ரேட், ஒன்பது பங்கு குருதிக்கு ஒரு பங்கு. 0.3 மில்லிலீட்டர் சிட்ரேட் இருந்தால் குருதி 2.7. கோட்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்துக்குக் குறைவாக நிரம்பினால் மிஞ்சிய சிட்ரேட், சோதனையில் நாம் சேர்க்கும் கல்சியத்தையும் கட்டிப்போட்டு ஏபிடிடியை நீட்டிவிடும். பிள்ளையின் கை சிறியது, நரம்பு கிடைக்கவில்லை என்றால் 1.8 மில்லிலீட்டர் எடுக்கும் சின்ன டியூபைப் பாவியுங்கள். பெரிய டியூபில் பாதி எடுத்து வராதீர்கள்.

ஹெமட்டோகிரிட், அதாவது குருதியில் செங்கலங்களின் சதவீதம், 55ஐத் தாண்டினால் பிளாஸ்மா குறைவு, சிட்ரேட் அதிகமாகிவிடும். பிறந்த குழந்தைகளிடமும், பிறவி இருதயக் கோளாறால் நீலம் பாய்ந்தவர்களிடமும் இது வரும். கணக்கு இப்படி: தேவையான சிட்ரேட் = 0.00185 × (100 − ஹெமட்டோகிரிட்) × குருதியின் அளவு. ஹெமட்டோகிரிட் 60, குருதி 2.7 என்றால் 0.2 மில்லிலீட்டர் வரும். 0.3இலிருந்து 0.1ஐ முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் காண்பது பெரும்பாலும் மறுபக்கம், குருதிச்சோகை. அதற்குச் சிட்ரேட்டைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. செங்கலங்கள்தான் பிளேட்லெட்டுகளைக் குழாயின் சுவரோரம் தள்ளுகின்றன. செங்கலம் குறைந்தால் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இரத்தப்போக்கு நீளும். இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டுத் திருப்பிப் பார்க்கவும் வேண்டும்.

ஊசி 21 கேஜ். கையில் இறுக்கும் கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிளேட்லெட் தொழிற்பாட்டுக்கு முதல் 2–3 மில்லிலீட்டரை வேறு டியூபில் விட்டுவிடுங்கள், ஊசி குத்திய இடத்தின் திசுச்சாறு அதில்தான் வரும். சிட்ரேட் டியூப் எப்போதும், கலங்களை எண்ண எடுக்கும் ஈடிடிஏ (EDTA) டியூபுக்கு முன்னால். மூன்று நான்கு தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். மருந்துப் போத்தல் மாதிரி குலுக்குகிற பழக்கம் டிஸ்பென்சரிகளில் உண்டு. அதைப் பக்குவமாகச் சொல்லித்தான் திருத்த வேண்டும்.

காலையில் கொழுப்புச் சாப்பாடு வேண்டாம், பிளாஸ்மா கலங்கினால் ஒளியை வைத்து அளக்கும் மெஷின் ஏமாந்துவிடும். கஃபீன் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே நிற்க வேண்டும். விடியற்காலை எழுந்ததும் சாயத்தண்ணி குடிக்காமல் நகராத ஊரில் இதைக் கேட்பது கொஞ்சம் அநியாயம்தான். எனவே முதல் நாள் மாலையிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துகளில் அஸ்பிரின் எடுத்திருந்தால் 7 முதல் 10 நாள் பொறுக்க வேண்டும், மேல்வலிக்குப் போடும் டைக்ளோபெனாக், ஐபியூபுரோஃபென் என்றால் சில நாள். "என்ன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டால் "பனடோல்" என்றுதான் பதில் வரும், வெள்ளையாக இருக்கும் எதுவும் பனடோல். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சுற்று வேகம்

பழைய நோட்டுகளில் "1000 ஆர்பிஎம், 10 நிமிடம்" என்று இருக்கும், ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. ரோட்டரின் ஆரை தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. நமக்கு வேண்டியது ஜி விசை. ஜி = 0.00001118 × ஆரை சென்ரிமீற்றரில் × ஆர்பிஎம்மின் வர்க்கம். ஆரை 15 சென்ரிமீற்றர் என்றால் 200 ஜிக்கு ஏறக்குறைய 1,090 ஆர்பிஎம், 1,500 ஜிக்கு ஏறக்குறைய 2,990. இதைக் கணக்குப் போட்டு மெஷினின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மாவுக்கு 200 ஜியில் 10 நிமிடம், 21 பாகையில், பிரேக் போடாமல். பிரேக் போட்டால் கடைசி நொடியில் செங்கலங்கள் மேலே எழும்பிக் கலங்கிவிடும். மேல் அடுக்கைப் பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுத்து மூடி வையுங்கள். கண்ணாடி வேண்டாம். நல்ல பிளாஸ்மாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லேசாகச் சுழற்றினால் பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கம் ஓடும், வில்லை வடிவப் பிளேட்லெட்டுகள் ஒளியைத் திருப்பும் மினுக்கம் அது. குளிர் பட்டு உருண்டுபோனவற்றில் அந்த மினுக்கம் இருக்காது. மெஷினில் போடுவதற்கு முன் செய்யக்கூடிய செலவில்லாத சோதனை இதைவிட வேறில்லை. மிச்சக் குருதியை 1,500 ஜியில் 15 நிமிடம் சுற்றினால் பிளேட்லெட் மிகக் குறைந்த பிளாஸ்மா கிடைக்கும்.

குஸ்தாவ் போர்ன் 1962இல் காட்டிய முறைதான் இன்றும் அடிப்படை. 37 பாகையில் கிளறிக்கொண்டே தூண்டியைச் சேர்த்தால் பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியாகும், திரவம் தெளியும், ஒளி கூடுதலாக ஊடுருவும். தூண்டிகளின் தொடக்க அளவுகளாக ஏடிபி (ADP) 2 மைக்ரோமோலார், கொலாஜன் மில்லிலீட்டருக்கு 2 மைக்ரோகிராம், அரக்கிடோனிக் அமிலம் 1 மில்லிமோலார், ரிஸ்டோசெட்டின் மில்லிலீட்டருக்கு 1.2 மில்லிகிராம். ரிஸ்டோசெட்டின் தவிர எதற்கும் அசையவில்லை என்றால் பிறவிப் பிளேட்லெட் கோளாறான கிளான்ஸ்மான் நோயை நினையுங்கள். எல்லாவற்றுக்கும் அசைந்து ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் அசையவில்லை என்றால் இன்னொரு பிறவிக் கோளாறான பெர்னார்ட்–சூலியே, அல்லது வான் வில்லிபிராண்ட் நோய். அரக்கிடோனிக் அமிலத்துக்கு மட்டும் அசையவில்லை என்றால் முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிக் கேளுங்கள். மருந்து எடுக்காத ஒரு நலமான ஆளின் குருதியும் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் ஓட வேண்டும். அவருடைய வரைகோடும் படுத்துக்கிடந்தால் பழுது நோயாளியிடம் இல்லை.

எண்ணிக்கை குறைந்தால்

எஃப்பிசியில் (முழுக் குருதி எண்ணிக்கையில்) பிளேட்லெட் 30,000 என்று வந்ததும் பதறாதீர்கள். ஈடிடிஏயில் மட்டும் பிளேட்லெட்டுகள் திரளும் ஆட்கள் இருக்கிறார்கள், குளிர்ந்த மேசையில் அந்தத் திரள் இன்னும் கூடும். மெஷின் திரளை எண்ணாது. ஸ்லைடின் வால் நுனியைப் பாருங்கள், கட்டிகள் அங்கேதான் ஒதுங்கும். சிட்ரேட் டியூபில் திருப்பி எடுத்து, வருவதை 1.1ஆல் பெருக்குங்கள். பெர்னார்ட்–சூலியே போன்றவற்றில் பிளேட்லெட் செங்கலம் அளவுக்குப் பருத்திருக்கும், மெஷின் அதைச் செங்கலத்தோடு சேர்த்துவிடும். ஐடிபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் நோய்) என்று நினைத்து ஸ்டீராய்ட் வருடக்கணக்கில் கொடுத்தும், மண்ணீரலையே எடுத்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான். நுணுக்குக்காட்டியின் எண்ணெய் லென்ஸில் பத்துப் புலங்களை எண்ணிச் சராசரியை 20,000ஆல் பெருக்குங்கள், சராசரி 8 என்றால் 160,000. மெஷினோடு ஒத்துப்போகாவிட்டால் நியூபவர் அறையில் (கலங்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியில்) கையால் எண்ணுங்கள். அமோனியம் ஒக்சலேட்டில் இருபதுக்கு ஒன்றாகக் கலந்து, ஈரத் துணியோடு மூடிய தட்டில் 15 நிமிடம் படியவிட்டு, நடுச் சதுரம் முழுவதையும் எண்ணி 200ஆல் பெருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஸ்லைட் காயாது. மெதுவாகக் காய்ந்த ஸ்லைடில் செங்கலங்களுக்குள் பளபளவென்று ஓட்டை ஓட்டையாகத் தெரியும், மெதனோல் ஈரத்தை உறிஞ்சியிருந்தாலும் அப்படித்தான். சின்ன விசிறி ஒன்றும், சிறு போத்தல்களில் இறுக மூடிய மெதனோலும் வேண்டும்.

டெங்கு பற்றி ஒரு வரி. இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் பதிவான 2017க்குப் பிறகும் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படும் வழக்கம் போகவில்லை. ஆபத்து பிளாஸ்மா கசிவில், அதைக் காட்டுவது ஏறும் ஹெமட்டோகிரிட். கசிவு இல்லாத ஆளுக்கு எண்ணிக்கையைக் கூட்ட மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் நன்மை இல்லை.

தேயிலைச் செடிக்குக் கீழே

மலைநாட்டுக்கென்றே ஒரு ஆய்வுப் பொருள் வேண்டுமென்றால் சருகுக்குள் கிடக்கும் பொலன் தெலிஸ்ஸாவை எடுங்கள், குணகட்டுவா என்றும் சிங்களத்தில் சொல்லும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியன். இதன் இனங்களில் ஒன்றான ஹிப்னாலே நெபா இலங்கையில் மட்டும் உள்ளது, ஈரவலய மலைகளில் வாழ்வது. பெரும்பாலும் கடித்த இடம் வீங்குவதோடு போகும், சிலருக்குக் குருதி உறையாமல் போகும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். இந்தியாவிலிருந்து வரும் பல்வகை விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். இதற்கு வேலை செய்யாது.

சின்ன ஆஸ்பத்திரியில் கைகொடுப்பது 20 நிமிடச் சோதனை. காய்ந்த, சுத்தமான கண்ணாடி டியூபில் 1–2 மில்லிலீட்டர் குருதி, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். இதில் பிழை வரும் இடங்கள் மூன்று. பிளாஸ்டிக் டியூப், சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடி, நடுவில் ஆட்டிப் பார்க்கும் அவசரம். முதல் இரண்டிலும் உறைதலைத் தொடக்கிவிடும் கண்ணாடிப் பரப்பே இல்லாமல் போகிறது. குளிர்ந்த வார்டில் உறைதலே மந்தமாகும் என்பதால் நலமான ஒருவரின் டியூபையும் பக்கத்தில் வையுங்கள். அதுவும் உறையாவிட்டால் பாம்பின்மேல் பழியைப் போடாதீர்கள்.

கேள்வியும் குடும்ப மரமும்

இரத்தப்போக்கு வரலாறு கேட்கும் படிவங்கள் வெளியூரில் எழுதப்பட்டவை. கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் "சின்னக் காயத்திலிருந்து நெடுநேரம் இரத்தம் வந்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார், அட்டை கடித்தால் யாருக்குத்தான் உடனே நிற்கும்? அட்டையின் உமிழ்நீரில் துரோம்பினையே முடக்கும் பொருள் இருக்கிறது. ஹெமடிப்சா வகை நில அட்டையிலிருந்து பிரித்தெடுத்ததற்கு ஹெமடின் என்றே பெயர். அட்டைக்கடியைப் படிவத்தின் இரத்தப்போக்கு மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் கவ்வாத்துக் கத்தி பட்ட வெட்டு, பல்லுப் பிடுங்கியது, காதுகுத்து, பிள்ளைப்பேறு பற்றிக் கேளுங்கள். பெண்களிடம் ஒரு பெண்தான் கேட்க வேண்டும், அவர்கள் பேச்சிலேயே: "அக்கா, வீட்டுக்குத் தூரமானா எத்தன நாளைக்குப் போகும்? ராவுல எழும்பித் துணி மாத்துவீங்களா? கட்டி கட்டியா விழுமா?" ஏழு நாளுக்கு மேல், மணிக்கொரு தடவை மாற்றும் அளவு, நாணயம் அளவு கட்டி என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் எழுதியது அந்த நாட்டின் ஓலாண்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான். 66 பேரில் 23 பேருக்கு இரத்தப்போக்கு. முதலில் அவரிடம் கொண்டுவரப்பட்ட சிறுமி, பிற்பாடு பருவமடைந்து மாதவிடாய்ப் போக்கிலேயே இறந்துபோனாள். ஹீமோபீலியா ஆண்பிள்ளைகளைப் பிடிப்பது, இதிலோ பெண்களும் பாதிக்கப்பட்டார்கள். அந்த வேறுபாட்டை அவருக்குக் காட்டியது குடும்ப மரம்.

நம் குடும்ப மரங்களில் கிளை முறிந்திருக்கும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு பாதிக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. தாய்மாமன் கோத்தகிரியில், பெரியம்மா கூடலூரில். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் ஹீமோபீலியாவில் தாய்மாமன்தான் முக்கிய சாட்சி. "மாமாவுக்கு முட்டி வீங்குமா, நொண்டி நடந்தாரா?" என்று அம்மாச்சியிடம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், ஆஸ்பத்திரி அட்டையில் சிங்கள எழுத்துக்கூட்டலில் மூன்றாவது பெயர் இருக்கும். மூன்றையும் எழுதுங்கள்.

வேலைநாள் காலையில் ஒருவரை மறித்தால் அவருக்குப் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும், அரைப்பேராவது வெட்டுப்படும். அந்தச் சம்பளத்துக்கு ஈடு, நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்பீர்கள். போகலாம், அன்றைக்கு லேப் திறந்திருக்குமா என்பதை முதலில் பாருங்கள்.

இந்த வேலைக்கு வர உயர்தரத்தில் உயிரியல் பிரிவு வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கலாம், மருத்துவம் முடித்துக் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் குருதியியலுக்கும் போகலாம். எந்த வழியில் வந்தாலும் முதல் வருடத்தைத் தலைப்புத் தேடிச் செலவழிக்காதீர்கள். உங்கள் லேபின் சொந்த இயல்பு வீச்சை, அதாவது நலமானவர்களின் முடிவுகள் அமையும் எல்லையை, கட்டுங்கள். புத்தகத்து எண்ணைச் சரிபார்க்க 20 நலமானவர்கள் போதும், புதிதாக நிறுவ 120 பேர் வேண்டும். ஏபிடிடி மருந்தின் லொட் மாறும்போதெல்லாம் வீச்சைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சேமித்து வைக்கும் பிளாஸ்மாவை இரண்டு தடவை சுற்றுங்கள். மிஞ்சிய பிளேட்லெட் உறைந்து உடைந்தால் அதன் கொழுப்பு, உறைதல் சோதனையை நீட்டும் லூபஸ் எதிர்ப்பொருளை மறைத்துவிடும். இரண்டாம் சுற்றில் அடியில் கால் மில்லிலீட்டரை விட்டுவிட்டு, அரை அரை மில்லிலீட்டராகப் பிரித்து மைனஸ் 70 பாகையில் வையுங்கள். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃபிரீசர் கூடாது, அது தினமும் சூடாகிக் குளிரும். உருக்கும்போது 37 பாகைத் தண்ணீரில் 5 நிமிடம். குளிர்பெட்டியில் மெதுவாக உருக்கினால் எட்டாம் காரணியும் ஃபைப்ரினோஜனும் அடியில் படிந்துவிடும். உறைந்த தண்ணீர்க் கோப்பைமேல் ஒரு நாணயத்தை வைத்தால் மின்வெட்டில் உருகியதா என்று தெரியும் என்பார்கள். நாணயம் தாழ்ந்தால் எல்லாம் போய்விட்டது என்று மட்டும் தெரியும், மைனஸ் 70 மைனஸ் 10 ஆனது தெரியாது. பதிவு வெப்பமானியும் வேண்டும். லேபிளை உறையவைக்க முன்னரே ஒட்டி, பென்சிலால் எழுதுங்கள். பனி பிடித்த டியூபில் எதுவும் ஒட்டாது.